பத்துக் கிலோ

எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள்.
விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை.
கட்டைவிரல் பின்னே, மற்ற நாலும் முன்னே,
குவளையைப் பிடிப்பதுபோல் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.
உள்ளே, என்றேன். இன்னும் உள்ளே.

முதல் மருத்துவர் முதுகு என்றார்.
அடுத்தவர் கருப்பை.
மூன்றாமவர் வயதைக் கேட்டார்,
நாற்பத்தொன்று என்றதும்
எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தலையாட்டினார்.

கடலைத் தவிர வால்பரைசோவில் சமதளம் கிடையாது.
பத்தொன்பது வருஷமாய் இங்கே தபால் கொடுக்கிறேன்.
என் பாதையில் ஆயிரத்து நூற்று நாற்பது படிகள்.
முன்பெல்லாம் எண்ணியதில்லை.
எண்ணத் தொடங்கியபோதே
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏறும்போது ஒரு சொடக்கு.
திரும்பும்போது சதைக்குள் மாட்டி இழுக்கும் கொக்கி.
பஸ்ஸில் கால்மணி நேரம் உட்கார்ந்தால்
தொடையிடுக்கில் கங்கு.
இரவில் எந்தப் பக்கம் புரண்டாலும்
அந்தப் பக்கம்தான் தப்பு.
காலுறை மாட்ட ஒரு வித்தை கண்டுபிடித்தேன்:
தரையில் விரித்துப் போட்டு, கால்விரலால் கவ்வி,
புற்றுக்குள் பாம்புபோல் நுழைவது.
ஒரு மழைக்காலம் வரை உதவியது.
யாரிடமும் சொல்லவில்லை.
நொண்டும் தபால்காரிக்கு அலுவலகத்தில் நாற்காலி போடுவார்கள்.
நாற்காலிதான் எனக்கு ஆகாதே.

மூன்று துளைகள் போட்டார்கள்.
கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருந்ததாம், தைத்தார்கள்.
எலும்பில் ஒரு மேடு இருந்ததாம், சீவினார்கள்.
எவ்வளவு சீவினீர்கள்?
சுண்டுவிரல் நகமளவு.
நகமளவுக்கா இத்தனை அழுதேன்.

பிசியோ யோவங்கா
எடைமெஷினைத் தரையில் வைத்து
வலது பாதத்தை அதன்மேல் அழுத்தச் சொன்னாள்.
முள் நடுங்கி நகர்ந்தது.
பத்து. போதும், நிறுத்துங்கள்.
ஆறு வாரத்துக்கு இந்தக் காலுக்கு இவ்வளவுதான்.
சிரித்தேன், தையல் இழுத்தது.
பத்துக் கிலோ
என் தபால் பையின் எடை.

மிச்சம் ஐம்பத்து மூன்று கிலோவை எங்கே வைப்பேன்?
உள்ளங்கைகளில், ஊன்றுகோல்களில்,
மேல்வீட்டு நிபால்தோவின் தோளில்.

மலைரயிலின் கம்பிவடத்தைப் பழுதுபார்ப்பவன் அவன்.
வேலைக்குப் போகும் முன் வந்து
எனக்குக் காலுறை மாட்டிவிடுவான்,
கப்பிக்கு எண்ணெய் போடும் சிரத்தையோடு, பேசாமல்.
ஒரே ஒருநாள் சொன்னான்:
குதிகால் நன்றாகத் தேய்ந்திருக்கிறது.
பாராட்டாகத்தான் சொன்னான்.
அன்று முழுக்க என் குதிகாலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் இடத்துக்கு வந்த பையனுக்குத் தெருப்பெயர் படிக்கத் தெரியும்,
சந்து படிக்கத் தெரியாது.
தப்பிப்போன கடிதங்களோடு
ஆட்கள் என் ஜன்னலுக்கு வரத் தொடங்கினார்கள்.
நாற்பத்தாறு என்றால் பச்சைக் கதவில்லை,
அதற்கு அடியில், தகரக்கூரைக்குக் கீழே, நீலக் கதவு.
இந்த எமெரென்சியானா செத்துப்போய் நாலு வருஷமாகிறது,
மின்வாரியத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது.
படியேறி வந்தவர்கள் மூச்சு வாங்கினார்கள்.
அது எனக்குப் பிடித்திருந்தது என்று
சொல்லாமல் விட்டால் பொய்.

என் கால்சட்டையை இரண்டுமுறை கிழித்த
ரொட்டிக்கடை நாயும் ஒருநாள் வந்தது.
ஊன்றுகோலை முகர்ந்தது.
குரைக்கவில்லை.
காலருகே படுத்துக்கொண்டது.
அறுவைக்குப் பிறகு நான் அழுதது
அந்த ஒருமுறைதான்.

பதினான்காவது வாரம்.
பையைக் காலியாக மாட்டிக்கொண்டு
சந்தின் முதல் பதினேழு படிகள்.
யோவங்கா கீழே நின்று கடிகாரம் பார்க்கிறாள்.
ஒன்பதாவது படியில்
ஒரு சொடக்கு.

நின்றேன்.
உள்ளேயா,
மேலே யாரோ கதவைத் தாழிட்டார்களா?
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி முடிக்கும்வரை
காலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
அது எதுவும் சொல்லவில்லை.

பத்தாவது படியில் வைத்தேன்.
முழு எடையும்.